ஒரே படகு, இரண்டு கரைகள்

இலங்கைக் கடற்படை பிடித்த தமிழக இழுவைப் படகுகள் சில யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகத்தில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் உக்கிக் கிடக்கின்றன. அப்படியொரு படகின் படம் ராமேஸ்வரத்துக்காரர் முகநூலில் பறிபோன பிழைப்பாகத் தெரியும். இலங்கையின் வடக்கு மீனவர் பக்கத்தில் கடலடியை வழித்தெடுத்த களவுக்குச் சாட்சியாகும். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கோபமூட்டும் பாதிதான் வேகமாகப் பகிரப்படுகிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது தமிழகக் கரைக்கும், பிடிபடுவோரில் பலர் கூலித் தொழிலாளர் என்பது இலங்கைக் கரைக்கும் போய்ச் சேர்வது அரிது.

கைபேசி வருமுன்பே இந்தப் பிணக்கு இருந்ததே என்பார்கள். உண்மைதான். போரால் 1990இல் இடம்பெயர்ந்து, 2017இல்தான் துறைமுகத்தைத் திரும்பப் பெற்ற மயிலிட்டி மீனவருக்கு இழுவைப் படகுகளால் அறுந்த வலையின் நட்டம் முகநூல் கட்டிய கதையல்ல. 2020 அமெரிக்கத் தேர்தல் காலத்தில் ஒத்த கருத்தாளரின் பதிவுகளைக் குறைத்துக் காட்டிய முகநூல் ஆய்விலும் பயனர்களின் நிலைப்பாடு குறிப்பிடும்படி மாறவில்லை. ஆக, பகிர்வு பிளவைப் பெற்றெடுப்பதில்லை. இருக்கிற பிளவில் நடுவே நின்று பேசுவோரின் குரலை அமுக்குகிறது. அப்படியானால் மறுதரப்பைக் காட்டினால் போதுமா? 2018இல் வெளியான ட்விட்டர் ஆய்வில், எதிர்த்தரப்புப் பதிவுகளைப் பார்த்துவந்த அமெரிக்கக் குடியரசுக் கட்சியினர் தம் நிலைப்பாட்டில் மேலும் இறுகினர். எனவே எதிராளியின் முழக்கத்தைவிட அவர் வீட்டு வரவு செலவே பகிரத் தக்கது.