மலச்சிக்கலும் மறுபயிற்சியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் பெரும் புகழுடன் விளங்கிய ஸர் வில்லியம் ஆர்பத்நாட் லேன், முறிந்த எலும்பை உலோகத் தகடு வைத்துப் பூட்டுவதில் முன்னோடி. அத்தகைய கைதேர்ந்த நிபுணர், குடலில் மலம் தங்கினால் விஷம் ஊறி இரத்தத்தில் கலக்கிறதென்றும், உடலை வாட்டும் பற்பல வியாதிகளுக்கு அதுவே மூலகாரணமென்றும் நம்பினார். அந்த நம்பிக்கையின் பலத்திலேயே, தீராத மலச்சிக்கலால் வருந்தியவர்களின் பெருங்குடலை அறுத்து அகற்றலானார். 1909-இல் இதைப் பற்றி நூலும் எழுதினார். சிலர் சுகமடைந்தார்கள், சிலர் மாண்டார்கள். அறுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் முறையான பரிசோதனை ஒன்றும் நடக்கவில்லை. விஷக் கொள்கை பிற்காலத்தில் வைத்திய சாஸ்திரத்தை விட்டு நீங்கியது. ஜனங்களின் மனத்தை விட்டு இன்னும் நீங்கவில்லை என்பதற்கு, உடம்பைச் சுத்திகரிப்பதாகச் சொல்லி விற்கப்படும் சூரணங்களின் விளம்பரங்களே சாட்சி.

குடலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறதென்று அறிய எளிய உபாயம் ஒன்றை, 1969-இல் அதே லண்டனில், ஸெயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய சிறு பிளாஸ்டிக் துணுக்குகள் 20-ஐ விழுங்கச் செய்து, ஐந்தாம் நாள் வயிற்றைப் படம் பிடித்தால், ஆரோக்கியமானவரிடம் அவற்றில் 16-க்குக் குறையாமல் வெளியேறியிருக்கும். சிலருக்குத் துணுக்குகள் பெருங்குடல் முழுவதும் சிதறிக் கிடக்கும். அவர்களுடைய குடலே மெதுவாக நகர்வது. வேறு சிலருக்கோ, அவையெல்லாம் உரிய காலத்தில் மலக்குடல் வரை வந்துவிட்டு, வெளியேற வழியில்லாமல் அங்கேயே குவிந்து நிற்கும். இந்த இரண்டாம் வகையினருக்கு மலமிளக்கியை எவ்வளவு கொடுத்தாலும் இடர்ப்பாடு வாசலில்தான் இருக்கிறது.

அந்த வாசலின் அமைப்பைச் சற்று விளக்கியாக வேண்டும். இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய அவயவங்களைக் கீழிருந்து தாங்கும் தசைத் தளம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு தசை, முன்புறத்து எலும்பிலிருந்து புறப்பட்டு, மலக்குடலின் கடைப்பகுதியைப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் முன்புறத்துக்கே வந்து சேருகிறது. அது எப்போதும் சற்றே இறுகி, குழாயை முன்னோக்கி இழுத்து வளைத்து வைத்திருப்பதால்தான் நாம் சபையில் கூச்சமின்றி உட்கார்ந்திருக்க முடிகிறது. மலம் கழிக்கும் தருணத்தில் வயிறு அழுத்த, இந்தத் தசையும் ஆசனவாயின் சுருக்குத் தசையும் தளர்ந்துகொடுத்தால், வளைவு நிமிர்ந்து வழி திறக்கும். ஆனால் சிலருக்கு, முக்கும்போது தளர வேண்டிய தசை அதே கணத்தில் இறுகிக்கொள்கிறது. ஒரு கையால் கதவைத் தள்ளிக்கொண்டே மறு கையால் தாழ்ப்பாளைப் போடுகிறவரின் நிலைமைதான் அது. தாம் தாழிடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. இந்தக் கோளாற்றை 1985-இல் பிரெஸ்டன், லெனார்ட்-ஜோன்ஸ் என்ற இருவர் விவரித்து, அனிஸ்மஸ் என்று பெயரிட்டார்கள். வலிக்குப் பயந்து நெடுநாள் அடக்கிய பழக்கம் சிலரிடம் காரணமாகலாம்; பலரிடம் குறிப்பான காரணம் எதுவும் அகப்படுவதில்லை.

கண்டுபிடிக்கும் முறைகளில் ஒன்று, கேட்பவருக்குச் சிரிப்பு மூட்டும் அளவுக்கு எளிமையானது. மெல்லிய குழாயின் நுனியில் கட்டிய சிறு பலூனை மலக்குடலில் செலுத்தி, அதில் சுமார் 50 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, நோயாளியைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஓரிரு நிமிஷத்தில் பலூனை வெளியேற்ற முடிந்தால் வாசலில் பெரிய குறையில்லை. முடியாவிட்டால், அழுத்தம் அளக்கும் கருவியை வைத்து மேலும் பார்க்கிறார்கள்.

இனி சிகிச்சை. 1974-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில், மலம் அடங்காத நோயாளிகளுக்குத் தங்கள் தசையின் அழுத்தத்தைக் கருவியின் கோடுகளாகக் கண்ணால் காணச் செய்து, அதன்மூலம் தசையை ஆளப் பழக்க முடியும் என்று எங்கல், ஷுஸ்டர் முதலியவர்கள் காட்டினார்கள். பயோஃபீட்பேக் என்று வழங்கும் அந்த முறையே பின்னர் மலச்சிக்கலுக்கும் வந்தது. நோயாளியின் எதிரே ஒரு திரை. அதில் இரண்டு கோடுகள். மேற்கோடு வயிற்றின் உந்துதல், கீழ்க்கோடு ஆசனவாயின் இறுக்கம். "முக்குங்கள்" என்றதும் மேற்கோடு உயரும், கூடவே கீழ்க்கோடும் ஏறும். அதைக் கண்டபோதுதான் தம் உடம்பு தமக்கே எதிராக வேலை செய்வதை அவர் முதல்முறையாக அறிகிறார். மூச்சை அடக்காமல், வயிற்றை மெல்ல முன்தள்ளி, அடியை மட்டும் தளர்த்தும்படி பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்க, பலமுறை தவறிய பின்பு, மேற்கோடு உயரும்போதே கீழ்க்கோடு தாழ்கிறது. பிறகு பலூனை வைத்துக்கொண்டு, இழுப்பதும் தள்ளுவதுமாக ஒத்திகை நடக்கிறது.

இப்படிக் கற்பிப்பது மருந்தைவிட மேலானதுதானா? இத்தாலியில் கியாரியோனி முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாசல் கோளாறுடைய 109 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரம் ஒன்றாக ஐந்து பயிற்சிகளும், மறு பிரிவுக்குப் பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் மலமிளக்கியும் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் பயிற்சி பெற்றவர்களில் 80 சதவிகிதத்தினர் பெரிய அபிவிருத்தி கண்டார்கள். மருந்து உண்டவர்களில் 22 சதவிகிதத்தினரே கண்டார்கள். கருவியின் பகட்டும் பயிற்சியாளரின் பரிவும் சேர்ந்து உண்டாக்கும் நம்பிக்கையே பலனாகத் தோன்றக்கூடுமே என்ற நியாயமான ஐயத்துக்கு, அமெரிக்காவில் ஹேமன் முதலியோர் 2007-இல் ஓரளவு விடை கூறினார்கள். உணவிலும் பழக்கத்திலும் திருத்தம் சொல்லியே நிவாரணம் கண்டவர்களை விலக்கிவிட்டு, எஞ்சிய 84 பேருக்குப் பயிற்சி, தசையைத் தளர்த்தும் டயஜிபாம், வெறும் போலி மாத்திரை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தபோது, நிவாரணம் முறையே 70, 23, 38 சதவிகிதமாக இருந்தது. தளர்த்தும் மருந்து போலி மாத்திரைக்கும் பின்தங்கியதைக் கவனிக்க வேண்டும். தசையைத் தளர்த்த வேண்டிய தருணத்தை மாத்திரை அறியாது போலும்.

இவ்வளவுக்குப் பிறகும், ஆராய்ச்சி முழுவதும் ஒரே பக்கம் சாயவில்லை. 2016-இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், மலச்சிக்கலே இல்லாத 85 பெண்களை அழுத்தக் கருவியால் சோதித்ததில், 87 சதவிகிதத்தினரிடம் ஏதேனும் ஒரு கோளாற்றுக் கோலம் தென்பட்டது. அந்நியர் முன்னே படுத்துக்கொண்டு முக்கச் சொன்னால் யாருடைய தசைதான் இறுகாது! ஆகவே ஒரே பரிசோதனையை நம்பி நோய்க்குப் பெயர் சூட்டலாகாது. குழந்தைகள் விஷயம் இன்னும் விசித்திரமானது: ஆம்ஸ்டர்டாமில் 192 குழந்தைகளை வைத்து 1996-இல் வெளியான ஆய்வில், பயிற்சியால் தசையின் நடத்தை திருந்தியதே தவிர, வழக்கமான சிகிச்சையைவிட நோய் அதிகம் குணமாகவில்லை.

மருந்துகளை அலட்சியம் செய்யவும் இடமில்லை. நடமாட்டம் மெதுவான குடலுக்குப் பயிற்சியால் பெரும்பாலும் லாபமில்லை; அங்கே மருந்துதான் துணை. திருநெல்வேலிச் சீமையின் கரிசலில் விளைந்து, டின்னவெல்லி சென்னா என்ற பெயரோடு மேல்நாட்டு மருந்துப் பட்டியல்களில் இடம்பெற்ற நிலவாகை இதற்கு உதாரணம். ஜப்பானில் 90 நோயாளிகளை வைத்து நடத்திய ஒரு சோதனையில், நிலவாகை உண்டவர்களிலும் மக்னீசியம் ஆக்ஸைடு உண்டவர்களிலும் பத்தில் ஏழு பேரளவில் நலம் கண்டார்கள். போலி மாத்திரை உண்டவர்களில் பத்தில் ஒருவரளவே. குந்தி உட்காரும் பழைய வழக்கத்துக்கும் ஆதரவு உண்டு: இஸ்ரேலில் ஸிகிரோவ் 28 ஆரோக்கியமானவர்களைக் கொண்டு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், குந்தியபோது திருப்தியாகக் கழிக்கச் சராசரி 51 விநாடியும், உயரமான பீங்கான் இருக்கையில் 130 விநாடியும் பிடித்தன. இருக்கையை இடித்துப்போட வேண்டியதில்லை. காலடியில் ஒரு மணையைப் போட்டுக்கொண்டாலே பலருக்கு உதவுகிறது.

இடுப்புத் தளத்தின் மற்றக் கோளாறுகளிலும் பயிற்சிக்கும் கத்திக்கும் இதே போட்டி நடந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆர்னால்ட் கெகல், பிரசவத்தால் நெகிழ்ந்த தசைகளுக்கு உடற்பயிற்சியை 1948-இல் விவரித்தபோதே, பெண்கள் தங்கள் தசையின் வலிமையை முள்ளின் அசைவில் கண்டுகொள்ளும் ஒரு கருவியையும் அமைத்திருந்தார். கருப்பை இறக்கத்தில் இப்பயிற்சி உபாதையைக் குறைப்பதை 447 பெண்களைக் கொண்ட ஆய்வு ஒன்று 2014-இல் உறுதிப்படுத்தியது. இடைக்காலத்தில் செயற்கை வலைகளை யோனி வழியாக வைத்துத் தைக்கும் சஸ்திர சிகிச்சை, போதிய சோதனைகளுக்கு முன்பே பரவி, பல பெண்களைத் தீராத வலியில் ஆழ்த்தியது. 2018-இல் இங்கிலாந்து அதை நிறுத்திவைத்தது. 2019-இல் அமெரிக்காவில் இறக்கத்துக்கான அவ்வலைகளின் விற்பனை தடுக்கப்பட்டது. லேனின் காலத்திலிருந்து நூறாண்டு கடந்தும் அவசரம் மாறவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மலச்சிக்கலுக்கான பயிற்சியின் பெருங்குறை, கற்பிப்பவர் அரிது என்பதே. பெரிய ஊரின் ஆஸ்பத்திரிக்கு வாரந்தோறும் போய்வர இயலாதவர்களுக்காக, அமெரிக்காவில் ஸதீஷ் ராவ் முதலியோர் 100 நோயாளிகளில் ஒரு பாதியினருக்குக் கருவியை வீட்டிலேயே பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்து, மறு பாதியினரைச் சிகிச்சை நிலையத்துக்கு வரவழைத்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, வீட்டில் பழகியவர்களும் நிலையத்துக்கு வந்து பழகியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில், பத்தில் ஏழு பேர் என்ற கணக்கில், குணம் கண்டிருந்தார்கள்.