ஓர் அறைமூலையின் சரித்திரம்

சென்ற வாரம் பாரிஸ் நகரத்தில், திங்கட்கிழமைதோறும் சித்திரக்காரர்களுக்கும் புதன்கிழமைதோறும் எழுத்தாளர்களுக்கும் விருந்திட்டு வந்த ஜோப்ரின் சீமாட்டியாரின் மாளிகையில் நாம் உட்கார்ந்திருந்தோம். இந்த வாரம் வாசகர்களை நான் அழைத்துப்போகிற இடத்தில் மாளிகையும் இல்லை, சீமாட்டியும் இல்லை. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அக்கரையில், அப்போது ஆங்கிலேயருடைய குடியேற்ற நாடாயிருந்த பென்சில்வேனியாவின் பிலடெல்பியா பட்டணத்தில், பகலெல்லாம் தொழில் செய்து களைத்த வாலிபர்கள் சிலர், விரலில் ஒட்டிய அச்சு மையையும் உடுப்பில் ஏறிய தோல் வாடையையும் முழுவதும் போக்கிக்கொள்ள முடியாதவர்களாய், வெள்ளிக்கிழமை இராத்திரிதோறும் ஒரு மதுக்கடையில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது 1727-ஆம் வருஷம். அவர்களைக் கூட்டியவர், பிறருடைய அச்சுக்கூடத்தில் சம்பளத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த, இருபத்தொரு வயதுள்ள பெஞ்சமின் பிராங்க்ளின். சபைக்கு அவர் வைத்த பெயர் ஜண்டோ.

வந்தவர்கள் யாரென்று பார்த்தால் நமக்கே ஒரு வேடிக்கையாயிருக்கும். பத்திரங்களுக்குப் பிரதி எழுதிக் கொடுத்து ஜீவனம் நடத்திய பிரயிண்ட்னால் என்பவர் கவிதைப் பித்தர். கையில் அகப்பட்டதையெல்லாம் படிப்பவர். செருப்புத் தைக்கும் தொழில் பழகிய பார்சன்ஸ், ஜோசியம் கற்கும் ஆசையால் கணிதத்துக்குள் புகுந்து, கணிதம் கைவந்த பிறகு ஜோசியத்தைப் பார்த்துத் தாமே சிரித்தவர். பிற்காலத்தில் அந்த மாகாணத்துக்கே தலைமை நில அளவை அதிகாரியானார். ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும் தாமஸ் காட்பிரே, ஆசிரியரின்றித் தாமே பயின்று கணிதத்தில் கரைகண்டவர். தச்சர் ஒருவர், வியாபாரியிடம் கணக்கெழுதியவர் ஒருவர், கையில் கொஞ்சம் பொருளும் நாவில் நிறைய ஹாஸ்யமும் உள்ள ராபர்ட் கிரேஸ் என்ற கனவான் ஒருவர் என்று இப்படி அமைந்த கூட்டம் பன்னிரண்டு பேருக்கு மேல் போகக்கூடாதென்பது விதி. வெளியாருக்கு விஷயமே தெரியக்கூடாதென்பதும் விதிதான். தெரிந்தால் யாராவது வந்து கேட்பார்கள், கேட்டால் மறுப்பது சங்கடம் என்று காரணம் சொன்னார் பிராங்க்ளின்.

கூட்டம் தொடங்கியதும் இருபத்துநான்கு கேள்விகள் வாசிக்கப்படும். கடைசியாகப் படித்த நூலில், சரித்திரமோ கவிதையோ வைத்தியமோ யாத்திரையோ, சபைக்குச் சொல்லத்தக்க விசேஷம் ஏதேனும் கண்டதுண்டா என்பது முதற்கேள்வி. அதைத் தொடர்ந்து வருபவை, ஊரில் வியாபாரம் நொடித்தவர் யார், என்ன காரணத்தால் நொடித்தார், புதிதாகத் தொழில் தொடங்கிய நல்ல இளைஞனுக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம் என்ன என்றெல்லாம் போகும். நூலைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் ஊர்க் கடைத்தெருவைப் பற்றியும் பேசினார்கள் என்பதே இந்தச் சபையில் எனக்கு மிகவும் பிடித்த லட்சணம். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் ஒரு கிண்ணம் மது நிரப்பிக் குடிக்கும் அளவுக்கு அவகாசம் விடவேண்டுமென்று அவர்களுடைய ஏற்பாட்டிலேயே கண்டிருந்தது. கேள்விகளோ இருபத்துநான்கு, கடைசிக் கேள்விக்கு எவ்வளவு தெளிவோடு பதில் வந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் அங்கத்தினரும் தாம் எழுதிய வியாசம் ஒன்றைப் படித்தாக வேண்டும். தர்க்கம் எழலாம், ஆனால் ஜயிக்கும் ஆசையால் எழக்கூடாது. கொஞ்ச காலம் சென்றபின், திட்டவட்டமாக அடித்துச் சொல்வதும், பிறர் சொன்னதை நேருக்கு நேர் மறுப்பதும் குற்றமென்று விலக்கப்பட்டு, மீறியவருக்குச் சிறு தொகை அபராதமும் விதிக்கப்பட்டது. நம்முடைய வாசகசாலைகளில் இந்த அபராதத்தை வசூலித்திருந்தால் இதற்குள் ஒவ்வொன்றுக்கும் மாடிக் கட்டடம் எழும்பியிருக்கும்.

இந்த விதிக்கெல்லாம் அடங்காத ஒருவர் காட்பிரே. கணிதத்தில் பழகிய புத்தி சம்பாஷணையிலும் அதே துல்லியத்தை எதிர்பார்த்தது. யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இல்லையென்று மறுப்பதும், அற்ப விஷயத்தில் பேதம் கற்பிப்பதுமாயிருந்து, பேச்சின் சுவையைக் கெடுத்து, விரைவில் அவர் சபையை விட்டே போய்விட்டார். அவரைப் பற்றிப் பிராங்க்ளின் சற்றுக் கடுமையாகவே எழுதிவைத்திருக்கிறார். எனக்கென்னவோ அந்தக் கண்ணாடித் தொழிலாளியிடத்தில் ஒரு பரிவு உண்டு.

இனிப் புத்தகங்களின் கதைக்கு வருவோம். பாஸ்டன் நகரத்துக்குத் தெற்கே நல்ல புத்தகக் கடையென்று ஒன்றுகூட அந்நாளில் இல்லை. அச்சுக்கூடக்காரர் காகிதமும் பஞ்சாங்கமும் தெருப்பாட்டும் பள்ளிப் பாடநூல்களும் விற்றார்கள். அதற்கு மேல் வேண்டியவர் இங்கிலாந்துக்கு எழுதிக் கப்பலுக்குக் காத்திருக்கவேண்டும். சபை மதுக்கடையை விட்டுக் கிரேஸ் வீட்டு அறைக்கு மாறியிருந்த சமயம் அது. விவாதத்தில் அடிக்கடி மேற்கோளுக்குப் புத்தகம் தேவைப்பட்டதால், எல்லோரும் தத்தம் நூல்களைக் கொண்டுவந்து அந்த அறையில் பொதுவாக வைத்துக்கொள்ளலாமென்று பிராங்க்ளின் யோசனை சொன்னார். அப்படியே கொண்டுவந்தார்கள். எதிர்பார்த்த அளவு சேரவில்லையாயினும் அறையின் ஒரு பக்கம் நிரம்பிற்று. ஆனால், எல்லோருக்கும் பொதுவானதை ஒருவரும் கவனியாத காரணத்தால் நூல்களுக்குச் சேதம் விளைய, சுமார் ஒரு வருஷத்தில் அவரவர் புத்தகத்தை அவரவர் வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம், சிநேகிதர் ஒருவருக்கு நான் இரவல் கொடுத்து, எட்டு மாதம் கழித்து, அட்டையில் சுண்ணாம்புக் கறையாக மூன்று விரல் தடத்துடன் திரும்பி வந்த ஒரு நாவல் ஞாபகத்துக்கு வருகிறது.

காலியான அந்த மூலையைப் பார்த்து வருந்தியதோடு நின்றிருந்தால் பிராங்க்ளின் என்ற பெயரை நாம் வேறு காரணங்களுக்காகவே அறிந்திருப்போம். 1731-இல் அவர் சந்தாப் புத்தகசாலை ஒன்றுக்குத் திட்டம் வரைந்தார். ஐம்பது பேர், முதலில் தலைக்கு நாற்பது ஷில்லிங், பிறகு வருஷத்துக்குப் பத்து ஷில்லிங் வீதம் ஐம்பது வருஷத்துக்கு! இருபத்தைந்து வயது இளைஞர், அரை நூற்றாண்டுக்குக் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக ஏறியிறங்கினார். தம் யோசனை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதைக் கண்டு, சிநேகிதர் பலர் சேர்ந்து தம்மை அனுப்பியிருப்பதாகச் சொல்லத் தொடங்கியதும் காரியம் சுலபமாயிற்று. வாரத்தில் ஒரு நாள் புத்தகசாலை திறந்திருக்கும். இரவல் கொண்டுபோகும் சந்தாதாரர், குறித்த காலத்தில் திருப்பாவிட்டால் இரட்டிப்பு விலை தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். கிரேஸ் வீட்டு அறையில் ஒரு வருஷம் பட்ட பாட்டைத்தான் அந்தச் சீட்டில் நான் காண்கிறேன்.

லண்டனிலிருந்து நூல்களை வாங்கி அனுப்பும் பொறுப்பைப் பீட்டர் காலின்ஸன் என்ற வியாபாரி ஏற்றுக்கொண்டார். புத்தகசாலையின் காரியதரிசியானவர் கவிதைப் பித்தர் பிரயிண்ட்னால். நிர்வாகிகள் பத்துப் பேரில் கிரேஸும் பார்சன்ஸும் இடம் பெற்றார்கள். அதே பட்டியலில், பிராங்க்ளினுக்குச் சில பெயர்கள் தள்ளி, தாமஸ் காட்பிரே என்றும் எழுதியிருக்கிறது.