கேட்கிறது, பேசத்தான் மாட்டேங்குது!

கடையில் வாங்கிய சாமான் கெட்டுப்போனால் ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். நம் கையாலேயே கட்டிய சாமான் கெட்டால் யாரிடம் போவது? பீடோரில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி இந்தக் கேள்வியோடுதான் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின் அளவுக்கு அலுமினியப் பெட்டி. அவரே கட்டிய அமெச்சூர் வானொலி டிரான்ஸ்சீவர்.

"அண்ணே, நல்லாக் கேக்குது. பேசத்தான் மாட்டேங்குது" என்றார்.

அவருடைய அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர். லயத்து வீட்டில் வானொலியோடு வளர்ந்த தலைமுறை. மாலை நேரத்தில் மகனோடு உட்கார்ந்து, 40 மீட்டர் அலைவரிசையில் தமிழ்நாட்டு 'ஹாம்'கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்பது அவருக்குத் தனி சந்தோஷம். மகன் பதில் கொடுத்து, அந்தப் பக்கத்திலிருந்து வணக்கம் வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் இப்போது நின்றுபோயிருந்தது. "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடட்டுமா?" என்று தம்பி கேட்டபோது, "ஒரு சனிக்கிழமை மட்டும் கொடு" என்றேன்.

குழாய் வாஷரில் பிறந்த கருவி

தம்பி கட்டியது 'பிட்எக்ஸ்' வகை. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003இல் உருவாக்கிய வடிவமைப்பு இது. வெளிநாட்டுக் கருவி வாங்க வசதியில்லாத இந்திய ஹாம்கள், உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். கம்பிச்சுருள் சுற்றத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரையே பயன்படுத்தச் சொன்னார்! இன்று உலகம் முழுக்க இந்த வகைக் கருவியைக் கட்டுகிறார்கள்.

இதன் விசேஷம், ஒரே பாதை இரண்டு பக்கமும் வேலை செய்வது. ஒலியைக் கேட்கும்போது பயன்படும் மிக்சரும் கிரிஸ்டல் ஃபில்டரும் பேசும்போதும் பயன்படும். பழுது பார்ப்பவருக்கு இது பெரிய வரப்பிரசாதம். நன்றாகக் கேட்கிறது என்றால், அந்தப் பாகங்கள் எல்லாம் நலமாக இருக்கின்றன என்றுதானே அர்த்தம்? மைக் பகுதி, கடைசியில் சக்தி கூட்டும் ஆம்பிளிஃபையர் மாடியூல், இரண்டையும் மாற்றிவிடும் ரிலே ஆகியவைதான் முக்கியமாகப் பார்க்க வேண்டிய மிச்சம். பெட்டியைத் திறக்கும் முன்பே தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்

ஆம்பிளிஃபையர் மாடியூலில் இருப்பது ஐஆர்எஃப் 510 என்ற மாஸ்ஃபெட். சுவிட்ச் வேலைக்காகத் தயாரிக்கப்பட்ட மலிவான பாகம் இது. ஹாம்கள் இதை வானொலி அலைக்குப் பழக்கிவிட்டார்கள். ஆண்டெனா சரியில்லாமல் பேசினாலும், சூடு ஏறினாலும் சீக்கிரம் போய்விடும் என்று இதற்குக் கெட்ட பெயர் உண்டு. அதனால் பேச்சு நின்றவுடன் எல்லாரும் முதலில் இதைத்தான் கழற்றுவார்கள். கழற்றும் முன் அளந்து பார்ப்பதே நல்லது.

முதல் வேலை, ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு 'டம்மி லோட்' மாட்டினோம். 1,000 ஓம் ரெசிஸ்டர் 20ஐப் பக்கம் பக்கமாக இணைத்தால் 50 ஓம் ஆகிவிடும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் இதற்கு ஆகாது. சக்தி முழுவதும் அதற்குள்ளேயே சூடாகப் போய்விடுவதால், சோதனையின்போது மற்றவர்களுக்கு இடைஞ்சல் இருக்காது.

அடுத்து, மாடியூலுக்குப் போகும் 12 வோல்ட் கம்பியில் மீட்டரை இணைத்து, வாய் திறக்காமல் பேசும் பொத்தானை மட்டும் அழுத்தினோம். சுமார் 100 மில்லி ஆம்பியர் காட்ட வேண்டும். காட்டியதோ பூஜ்யம். ரிலே 'டிக்' என்று விழுந்தது. 12 வோல்ட்டும் மாஸ்ஃபெட்டின் டிரெயின் கால் வரை வந்து நின்றது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாஸ்ஃபெட்டை டயோடு சோதனையில் பார்த்தோம். டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஒரு திசையில் சுமார் அரை வோல்ட் காட்டியது, மறுதிசையில் ஒன்றும் இல்லை. கேட் கால் யாரோடும் ஒட்டவில்லை. உயிரோடுதான் இருந்தது!

மாஸ்ஃபெட் விழித்துக்கொள்ள அதன் கேட் காலுக்கு 3, 4 வோல்ட் தேவை. அதைக் கொடுப்பது ஒரு சின்னத் திருகு ரெசிஸ்டர், கடைப் பேச்சில் 'பிரிசெட்'. அதன் ஒரு முனையில் 5 வோல்ட் சரியாக இருந்தது. நடுக்காலில் ஒன்றுமே இல்லை. உள்ளே நகரும் தகடு பச்சை பூத்துத் தொடர்பை விட்டிருந்தது. நம்ம ஊர் ஈரக்காற்றில் இதெல்லாம் சகஜம். நடுக்காலிலிருந்து தரைக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்திருந்ததால் கேட் கால் அந்தரத்தில் தொங்காமல் பூஜ்யத்தில் நின்றது, மாஸ்ஃபெட் பிழைத்தது. கட்டுபவர்கள் இந்த ஒரு ரெசிஸ்டரை மறக்காதீர்கள்.

புதிய பிரிசெட்டை ஈயம் வைத்து, முதலில் ஆகக் குறைவாகத் திருப்பி, மீட்டரைப் பார்த்தபடியே 100 மில்லி ஆம்பியர் வரை மெல்ல ஏற்றினோம். மைக்கில் சீராக விசிலடித்தபோது டம்மி லோடில் உச்ச வோல்ட்டேஜ் 27. அதை அதனாலேயே பெருக்கி 100ஆல் வகுத்தால், 50 ஓம் கணக்குக்கு ஏறக்குறைய 7 வாட். ஒரு சின்ன பல்புக்கு ஆகும் சக்திதான். வானம் ஒத்துழைத்தால் வங்கக் கடலைத் தாண்ட இது போதும்.

பொழுதுபோக்கு மட்டுமா?

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண் ஹாம், அமெச்சூர் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேயரில் இருந்தார். மற்றத் தொடர்புகள் அறுந்த நேரத்தில் அவர் குழுவின் வானொலிதான் அந்தமான் செய்திகளை வெளியே கொண்டு சேர்த்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கடை திறந்திருக்காது, கூரியரும் வராது. கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அதை மீண்டும் பேச வைக்க முடியும்.

ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்பதில் தொடங்குங்கள், ஒலிபரப்ப மட்டும் அவசரப்படாதீர்கள். அதற்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். தீபகற்பத்தில் 9டபிள்யு2, 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக் குறி அப்போதுதான் கிடைக்கும். ஒரு மல்டிமீட்டர், ஒரு ஈயம் வைக்கும் கருவி, ஒரு டம்மி லோட் இருந்தால் பட்டறை தயார். ஒவ்வொரு பாகமும் நன்றாக இருக்கும்போதே அதன் வோல்ட்டேஜை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்குப் பழுது வரும்போது எந்த எண் மாறியிருக்கிறது என்று பார்த்தாலே போதும், கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.