முப்பத்தாறு படங்கள் தரும் பாடம்

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்புக்குக் களப்பயணம் செல்லும்போது கைப்பேசியோடு பழைய பிலிம் கேமராவையும் எடுத்துச் செல்கிறேன். நான் பயன்படுத்தும் பிலிம் சுருளில் 36 படங்களே எடுக்கலாம். எடுத்ததை உடனே பார்க்கவும் முடியாது. எனவே மாணவர்கள் ஒளி வரும் திசை, தூரம், பின்னணி ஆகியவற்றை உற்றுநோக்கிய பிறகே பொத்தானை அழுத்துகிறார்கள். கைப்பேசியின் பயன் வேறு: படத்துடன் நாளும் நேரமும் பதிவாகின்றன.

1836இல் கட்டப்பட்ட மேலணையின் கொள்ளிடம் பகுதியில் 9 மதகுகள் 2018 ஆகஸ்டில் இடிந்து விழுந்தன. அதற்கு முன்பு பொழுதுபோக்காக எடுக்கப்பட்ட படங்களும் இன்று வரலாற்றுச் சான்றுகளே. கைப்பேசியில் எடுத்தாலும் ஒருவருக்கு மூன்று படங்கள் என வரம்பு வையுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், நாள், எடுத்த காரணம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள்.