கண்ணுக்குள் ஒரு கட்டி, முன்கூட்டியே ஒரு கேள்வி

நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சேக்ஸுக்கு 2005ஆம் ஆண்டில் வலக் கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரியவந்தது. சிகிச்சையில் கட்டி அடங்கியது. அந்தக் கண்ணின் பார்வை போனது. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார். 2015 தொடக்கத்தில், அதே புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் 82 வயதில் காலமானார்.

மெலனோமா என்றதும் தோல் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்கள் கண்ணின் நடுப்படலத்திலும் உண்டு. அங்கு உருவாவது யூவியல் மெலனோமா. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு மில்லியன் பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு இது வருகிறது. ஆசியர்களிடம் இன்னும் அரிது.

கண்ணில் உள்ள கட்டியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்திவிட முடிகிறது. ஆனாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பின்னாளில் நோய் பரவுகிறது, பெரும்பாலும் கல்லீரலுக்கு. அந்தப் பாதிப் பேர் யார்?

விடை கட்டியின் மரபணுக்களில் இருக்கிறது. நோயின் போக்கைக் காட்டும் இத்தகைய அடையாளங்களை உயிர்க்குறிப்பான்கள் என்கிறோம். கட்டியில் காணும் எல்லா மாற்றமும் இதற்கு உதவுவதில்லை. ஜிஎன்ஏகியூ, ஜிஎன்ஏ11 ஆகிய மரபணுக்களில் ஏதேனும் ஒன்றிலாவது பிழை இருப்பது இக்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பொது. எல்லாரும் ஒரே சீருடையில் நிற்கும்போது சீருடையை வைத்து ஒருவரை அடையாளம் காண முடியுமா?

1996இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். நம் செல்களில் 3ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றை இழந்த கட்டிகளே அதிகம் பரவின. காரணம் 2010இல் தெளிவானது. பிஏபி1 என்ற காவல் மரபணு அந்தக் குரோமோசோமில்தான் இருக்கிறது. ஒரு பிரதி தொலைந்து, மிஞ்சிய பிரதியும் பழுதானால் கட்டியைத் தடுக்க ஆளில்லை.

இன்று 15 மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கும் சோதனை உண்டு. முடிவு '1ஏ' என வந்தால் ஐந்து ஆண்டுகளில் பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு. 'வகுப்பு 2' என்றால் ஏறத்தாழ 72 விழுக்காடு.

பாடநூலில் இது வெறும் அட்டவணை. நோயாளிக்கு அப்படியல்ல. சோதனைக்கான செல்களைக் கதிர்வீச்சுத் தகடு பொருத்தும்போதே ஊசியால் எடுப்பது வழக்கம். அதாவது, புற்றுநோய் என்ற அதிர்ச்சி அடங்கும் முன்பே 'தெரிந்துகொள்ள வேண்டுமா' என்று முடிவெடுக்க வேண்டும். 72 என்ற எண்ணைக் கேட்டுவிட்டால் பிறகு மறக்க முடியாது. பரவுவதை உறுதியாகத் தடுக்கும் மருந்தும் இன்னும் இல்லை.

என்னைக் கேட்டால், தெரிந்துகொள்வதே மேல் என்பேன், இருபது வயதில் அப்படிச் சொல்வது எளிது என்றாலும். ஆபத்து அதிகம் என்றால் கல்லீரலை அடிக்கடி ஸ்கேன் செய்து, பரவலைச் சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம். குறைவென்றால் ஸ்கேன் எண்ணிக்கையும் குறையும், கவலையும் குறையும்.

2022இல் அமெரிக்கா டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. நோய் பரவியவர்களிடம் நடந்த ஆய்வில் அதைப் பெற்றோரில் 73 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் உயிரோடிருந்தனர். மற்ற சிகிச்சை பெற்றோரில் 59. ஆனால் எச்எல்ஏ-ஏ 02:01 என்ற திசு வகை உள்ளவர்களுக்கே அது பலன் தரும். பரவும் முன்பே, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு ஐரோப்பாவில் தொடங்கியிருக்கிறது. அதில் யாரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும்போது கட்டியின் மரபணு முடிவும் பார்க்கப்படுகிறது.