காய்ச்சல் வருசம்

மகளின் பள்ளி வேலைக்காகக் குடும்ப மரம் வரைந்தபோது, என் பக்கத்தில் ஒரு கோடு பாதியில் நின்றது. அப்பத்தாவிடம் கேட்டேன்.

"எங்கம்மாவுக்கு அப்ப மூணு வயசு. காய்ச்சல் வருசத்துல தாயும் தகப்பனும் ஒரே வாரத்துல போயிட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரவுங்க தூக்கி வளத்தாங்க. பேரெல்லாம் யாருக்குய்யா தெரியும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது 1918. முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில், கப்பலிலும் ரயிலிலும் உலகைச் சுற்றிய இன்ஃப்ளூயன்சா, அக்டோபரில் மலாயாவை உலுக்கியது. உலகம் முழுவதும் சுமார் 5 கோடிப் பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு.

சளிக்காய்ச்சல் பொதுவாகப் பச்சைக் குழந்தைகளையும் வயதானவர்களையும்தான் சாய்க்கும். இதுவோ 20 முதல் 40 வயதுக்காரர்களையும் கூட்டமாக அள்ளிக்கொண்டு போனது. கங்காணி ஊரிலிருந்து கூட்டி வந்தது அந்த வயதுக்காரர்களைத்தானே! லயத்தில் ஓர் அறையில் இருமினால் அடுத்த அறைக்குக் கேட்கும். நோய்க்கு அந்தத் தூரம் போதும். வீட்டில் அத்தனை பேரும் ஒன்றாகப் படுத்துவிட்டால் தண்ணீர் மொண்டு கொடுக்கவும் ஆளில்லை. காய்ச்சலைத் தொடர்ந்து நிமோனியா வந்தால் மருந்தும் இல்லை. பென்சிலினைக் கண்டுபிடித்ததே 1928இல். மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸைப் பிரித்தறிந்தது 1933இல். அதுவரை பாக்டீரியாதான் காரணம் என்று பல மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள்.

ஊரில் இருந்த சொந்தங்கள் அந்தப் பிள்ளையை ஏன் தேடி வரவில்லை என்று எனக்குச் சின்னக் கோபம் இருந்தது. இந்திய மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்த பிறகு அது போய்விட்டது. 1911இல் சுமார் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை, 1921இல் 25.1 கோடி. அங்கே கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து எண்ணிக்கை குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான். அதற்கு முக்கியக் காரணம் இந்தக் காய்ச்சல். இங்கிருந்து கடுதாசி போயிருந்தாலும், அங்கே வாங்கிப் படிக்க யார் மிஞ்சியிருந்தார்களோ?

2020இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரத்தில், நாங்கள் முகக்கவசத்துக்கும் கிருமிநாசினிக்கும் அலைந்துகொண்டிருந்தோம். அப்பத்தா தினமும் போன் செய்து ஒன்றையே கேட்பார்: "படுத்துட்டா கஞ்சி வச்சுக் கொடுக்கப் பக்கத்துல ஆள் இருக்கா?" வயதானவர் புலம்பல் என்று அப்போது நினைத்தேன்.

மகள் மரத்தில் பெயரில்லாத இரண்டு வட்டங்கள் போட்டாள். பிறகு, வளர்த்தவர்களுக்கு எங்கே கோடு போடுவது என்று கேட்டாள். அப்பத்தா தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்த இரண்டு வட்டங்களுக்கு அருகிலேயே விரலை வைத்தார்.