பழைய மென்பொருளும் புதிய கணினியும்

மென்பொருளை விலைகொடுத்துப் பெறுபவர் அதைப் பயன்படுத்தும் உரிமத்தையே பெறுகிறார். அஃது எக்கணினியிலும் இயங்கும் என்னும் உறுதியைப் பெறுவதில்லை. ஏனெனில் செயலியினம் ஒவ்வொன்றும் தனக்குரிய ஆணைத்தொகுதியை மட்டுமே அறியும். 2006இல் ஆப்பிள் நிறுவனம் பவர்பிசி செயலியை விட்டு இன்டெல் செயலிக்கு மாறியபோது, பழைய நிரல்களை இயக்க ‘ரொசெட்டா’ என்னும் மொழிபெயர்ப்பியை அளித்தது. 2011இல் வந்த லயன் இயங்குதளத்தில் அது நீக்கப்பட்டது. இத்தகைய துணை நிலையானதன்று என்பது இதனால் விளங்கும்.

தமிழர்க்கு மற்றோர் இடரும் உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கத் தொடங்கிய ‘முரசு அஞ்சல்’ முதலாகப் பல தமிழ் மென்பொருள்கள் தோன்றின. ஒருங்குறியில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றபோதிலும், எழுத்துருக்கள் பல நெடுங்காலம் வெவ்வேறு குறியீட்டு முறைகளிலேயே வழங்கின. பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்திலோ கிள்ளான் பள்ளியிலோ அம்முறைகளில் கோத்த ஆண்டு மலரை, உரிய எழுத்துரு இல்லாத புதுக்கணினியில் திறந்தால், பொருளற்ற உரோமன் எழுத்துகளே தோன்றும். உரை அழியவில்லை, படிக்கும் வழியே அடைபட்டது.

ஆதலின் பழைய கணினி இயங்கும்போதே ஆவன செய்தல் வேண்டும். உரிம எண்ணையும் நிறுவல் வட்டையும் பேணுக. உரிமம் ஒரே கணினியோடு பிணைக்கப்பட்டிருப்பின், ஆக்கியோரிடம் மாற்றம் கேட்டுப் பெறுக. ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றி, அச்சுப்படியோடு வரிவரியாக ஒப்புநோக்குக. மென்பொருள் போனால் வேறு வாங்கலாம். பள்ளி மாணவர் எழுதியவை போனால் அவற்றை விற்பார் எவருமிலர்.